இரண்டாவது ஜோடி

பெஞ்சமினுக்குக் கண்தான் தொழில். மாமல்லபுரம் கடற்கரையோரம் உள்ள ஒரு ரிசார்ட்டில் பதினாறு வருடமாக ஹவுஸ்கீப்பிங் வேலை, இப்போது சூப்பர்வைசர். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம், குளியலறைக் கண்ணாடியில் ஒரு நீர்த்தடம், எதுவும் அவனுக்குத் தப்பாது. மற்றவர்கள் அறையை எட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவன் வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்த்து, மூலையில் கிடக்கும் நாற்காலியை அரையடி தள்ளிப் போடச் சொல்வான். தள்ளிப் போட்ட பிறகுதான் முன்பு ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது மற்றவர்களுக்கே தெரியும்.

அவன் மனைவி ஹெலனுக்குப் பார்வை கிடையாது. கல்யாணத்தின்போது இருந்தது. பையன் பிறந்த பிறகு அந்தி நேரத்தில் தடுமாற ஆரம்பித்தாள். விழித்திரை நோய் என்றார்கள். பக்கவாட்டில் இருப்பது முதலில் மறைந்தது, பிறகு தூரத்தில் இருப்பது, கடைசியில் முகங்கள். முப்பத்தைந்து வயதில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்லுமளவுக்கு வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அதற்காக அவள் உட்கார்ந்துவிடவில்லை. நாவலூரில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வாடிக்கையாளர்களோடு ஊழியர்கள் பேசிய பதிவுகளைக் கேட்டு, யார் சரியாகப் பேசினார், யார் சலித்துக்கொண்டார் என்று மதிப்பெண் போடும் வேலை. ஒரு பெருமூச்சைக் கேட்டே அந்தப் பக்கம் இருக்கும் ஆள் எத்தனை மணிநேரமாக உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லிவிடுவாள். அந்த வேலை பார்க்கும் நாற்பது பேரில் அவள் காதுக்குத் தனி மரியாதை உண்டு.

பார்க்க வேண்டியதையெல்லாம் அவளுக்காக பெஞ்சமின் பார்த்துச் சொன்னான். கடல் இன்று என்ன நிறம், பையன் தலையை எப்படி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான், கல்யாண வீட்டில் யார் என்ன உடுத்தி வந்திருக்கிறார்கள். அவன் சொன்னதுதான் அவளுக்கு உலகம்.

பூஞ்சேரியில் சொந்தமாக வீடு கட்டி முடித்த வருடம் அது. ஹாலை அவன் ஒரு வருடமாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தான். வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, மெல்லிய திரைச்சீலை. ரிசார்ட்டில் ஊரார் தங்கும் அறையையே இத்தனை வருடம் அழகுபடுத்தியாயிற்று, ஒன்று நமக்கு என்று நினைத்தான். ஹெலன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஹால்ல எனக்கு நல்ல ஸ்பீக்கர் செட்டு ஒண்ணு வேணும்பா. பகல் பூரா ஹெட்செட்ட மாட்டிகினு காது புழுங்கிப் போவுது. வூடு முழுக்க பாட்டு கேக்கணும்."

ஒரு சனிக்கிழமை இருவரும் செங்கல்பட்டுக்குப் போனார்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் செங்கல்வராயனின் கடை. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. கம்பெனிச் சரக்கும் விற்பார், தானே பலகை அறுத்துப் பெட்டி அடித்தும் கொடுப்பார். ஹெலனை நாற்காலியில் உட்கார வைத்து, அவள் கொடுத்த பென்டிரைவைச் செருகினார். ஈஸ்டருக்கு அவர்கள் சபையின் பாடகர் குழு பாடியதை அவளே பதிந்து வைத்திருந்தாள். அதில் அவள் தங்கை ரெஜினாவும் பாடுகிறாள்.

முதலில் ஒரு ஜோடி பாடியது. ஒல்லியாக, உயரமாக, பால் வெள்ளையில், மேலே கண்ணாடி பதித்து, முன்னால் சாம்பல் துணி போர்த்திய ஸ்பீக்கர்கள். தன் ஹாலுக்கென்றே யாரோ செய்து வைத்ததுபோல் பெஞ்சமினுக்குத் தோன்றியது. டிவிக்கு இரு பக்கமும் அவை நிற்பதை அங்கேயே பார்த்துவிட்டான்.

பிறகு செங்கல்வராயன் ஒரு பொத்தானை அமுக்கி இரண்டாவது ஜோடிக்கு மாற்றினார். அது அவரே அடித்தது. அரிசி டின் அளவுக்குப் பருத்த பெட்டி, பூச்சில்லாத பலகை, ஓரங்களில் பசை வழிந்து காய்ந்த தடம். முன்னால் துணி இல்லாததால் உள்ளே இருக்கும் கறுப்பு வட்டங்கள் முழித்துக்கொண்டிருந்தன. மரக்கடையில் விட்டுப்போனது போலிருந்தது.

ஹெலனின் முதுகு நிமிர்ந்தது.

"ரெஜினா மூணாவது வரில மூச்சு வாங்குறா," என்றாள். "இவ்ளோ நாள் இது எனக்குத் தெர்லயே. பின்னால யாரோ பெஞ்சை இழுக்கறாங்க. முதல் ஜோடில எல்லாம் சேந்து ஒரே ஆளு பாடற மாதிரி இருந்துச்சு. இதுல ஒவ்வொருத்தரும் தனித்தனியா நிக்கறாங்க."

"காதுன்னா உங்க காதுதாம்மா," என்றார் செங்கல்வராயன், மெய்யாகவே சந்தோஷப்பட்டு.

"இதான். இத்தயே எடுத்துக்கலாம்." எழுந்து, சத்தம் வந்த திசையில் கையை நீட்டிக்கொண்டு போனாள். பெஞ்சமின் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தொடாத, ஒரே தூசியா கீது."

"பாக்க எப்டி கீது?"

"ம்... நல்லாத்தான் கீது," என்றான்.

அடுத்த வாரம் வண்டி பேசிக்கொண்டு ஸ்பீக்கரை எடுத்துவரப் போனபோது அவன் தனியாகத்தான் போனான். போகும் வழியெல்லாம் இரண்டாவது ஜோடியை எங்கே வைத்தால் கண்ணில் படாது என்று யோசித்துக்கொண்டே போனான். கடையில் போய் நின்றதும் வெள்ளை ஜோடிதான் முதலில் கண்ணில் பட்டது. புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குப் போதகர் வருகிறார், ரிசார்ட் மேனேஜர் குடும்பத்தோடு வருகிறார். அவளுக்கென்ன, இதிலும் பாட்டுத்தானே கேட்கப் போகிறது என்று நினைத்தான்.

"வெள்ளையே குடுங்க."

செங்கல்வராயன் சற்றுத் தயங்கினார். "அம்மா இன்னொரு ஜோடியத்தானே கேட்டாங்க அண்ணாத்த?"

"அவங்களே மனசு மாத்திக்கினாங்க."

அவ்வளவு சுலபமாக அந்தப் பொய் வாயிலிருந்து வந்தது. அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

பிரதிஷ்டை நன்றாக நடந்தது. ஹாலுக்குள் வந்த ஒவ்வொருவரும் ஸ்பீக்கர் பக்கம் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்கள். மேனேஜரின் மனைவி எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்தாள். ஹெலன் மேலே இருந்த கண்ணாடியைத் தடவிப் பார்த்து, "வழவழன்னு கீது, கடக்காரரு நல்லாத்தான் செஞ்சிகீறாரு," என்று சிரித்தாள். பெஞ்சமின் தட்டு எடுக்கும் சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டான்.

எல்லாரும் போன பிறகு அவள் ஈஸ்டர் பதிவைப் போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். மறுபடி முதலிலிருந்து போட்டாள். நெற்றி சுருங்கியது.

"கடைல கேட்ட மாதிரி இல்லயே."

சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் ஒரு நாள் சண்டையோடு போயிருக்கும். பின்னாளில் அவன் எத்தனையோ தடவை அந்த ஒரு நிமிடத்துக்குத் திரும்பிப் போய் நின்று பார்த்தான். ஆனால் அன்று அவன் சொன்னது இதுதான்: "அது சின்ன ரூமு. இது பெரிய ஹாலு, புது சுவரு, எதிரொலி அடிக்கும். கேட்டுகினே இருந்தா பழகிடும்."

"அதான் இருக்கும்," என்றாள் ஹெலன். அவன் சொன்னால் அவளுக்குச் சரி.

பழகவில்லை. ஒரு மாதம் அவள் நாற்காலியை இங்கும் அங்குமாக நகர்த்திப் பார்த்தாள். திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கேட்டாள், ஜன்னலைத் திறந்து கேட்டாள். பிறகு பாட்டுப் போடுவதே குறைந்தது. வேறொன்றும் நடந்தது. சாப்பிடும்போது திடீரென்று, "நீ இப்போ மெல்லப் பேசினியா, இல்ல எப்பவும் போலத்தானா?" என்று கேட்பாள். குக்கர் விசில் எத்தனை வந்தது என்று பையனைக் கேட்பாள். ஒரு நாள் பெஞ்சமின் வேலை முடிந்து வந்தபோது, அவள் டிவியை ஓடவிட்டு, அறையின் கோடிக்குப் போய் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் வந்தது தெரிந்ததும் கையை எடுத்துவிட்டு, காபி போடப் போனாள்.

ஏதோ சளி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். சளியில்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் அவனுக்கு லீவு. ஹெலன் உள்ளறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவளுடைய மேனேஜர் சுஷ்மிதா. டீம் லீட் பதவியைப் பற்றி என்று புரிந்தது. அது வரும் என்று ஹெலன் இரண்டு வருடமாகக் காத்திருந்தாள்.

"வேணாம் மேடம்," என்று அவள் சொன்னது கேட்டது. "ரொம்ப தேங்க்ஸ். ஆனா என் காது மேல எனக்கே இப்போ நம்பிக்கை இல்ல. மத்தவங்க மார்க்க நான் திருத்தறதுன்னா... வேற யாருக்காவது குடுத்துடுங்க."

பெஞ்சமின் ஹாலில் நின்ற இடத்திலேயே நின்றான். வெள்ளை ஸ்பீக்கர் இரண்டும் எதிரே, அவன் நினைத்த இடத்தில், அவன் நினைத்த மாதிரியே நின்றன.

அன்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தான், எந்த வார்த்தையிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தான், நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் ரிசார்ட்டில் இருக்கும்போது ரெஜினா கூப்பிட்டாள்.

"மாமா, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்கா சொல்லிச்சு. ஆனா எனக்கு மனசு கேக்கல. வெள்ளிக்கிழம செங்கல்பட்டுல காது டெஸ்ட் எடுக்கணுமாம். என்னத் தொணைக்குக் கூப்புட்டுச்சு."

"இன்னாத்துக்கு டெஸ்டு?"

"உனக்கு ஞாபகம் இல்லயா? கண் டாக்டரு அப்பவே சொன்னாரே. சில பேருக்குக் கண்ணோட சேத்து காதும் போவும்னு. அது ஆரம்பிச்சிடுச்சின்னு அக்கா பயந்துகினு கீது. கண்ணு போனப்பவும் இப்டித்தானாம், கிட்ட இருக்கறது தெரிஞ்சி, தூரத்துல இருக்கறது கலங்குச்சாம். இப்போ ஹெட்செட்ல பக்கத்துல நல்லா கேக்குது, ஹால்ல தூரமா கேட்டா எல்லாம் ஒண்ணா கலங்குதுன்னு சொல்லுது."

கேட்டதும் ஞாபகம் வந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால், அந்த டாக்டர் அறையில், ஹெலனின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவன்தான். வெளியே வந்து, அவள் அழுதபோது, உனக்கு அப்படியெல்லாம் ஆகாது என்று சொன்னதும் அவன்தான். அதற்குப் பிறகு அவன் அதை மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. எட்டு வருடமாகத் தினமும் தன் காதைச் சோதித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

"நீ வராத. நான் கூட்டிகினு போறேன்," என்றான்.

அப்போதும் சொல்லவில்லை. அதற்கு ஒரு கோழைத்தனமான கணக்கு அவனிடம் இருந்தது. டெஸ்டில் காது நன்றாக இருப்பதாகத்தான் வரும். வந்துவிட்டால் அவள் பயம் தீரும். தான் ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிடும்.

வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரில் போனார்கள். ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடி பதித்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். பெஞ்சமின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, தலை குனிந்து, பட்டனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பரீட்சையில் தோற்றுவிடுவோமோ என்று பயந்த பிள்ளையைப் போலிருந்தாள். கழுத்தில் வியர்வை ஓடுவது வெளியிலிருந்தே தெரிந்தது. அவனால் அங்கே நிற்க முடியவில்லை. ஆனாலும் நின்றான்.

டெஸ்ட் எடுத்த பெண் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "காது சூப்பரா இருக்கும்மா. இவ்வளவு நல்ல ரிசல்ட்டை நான் பார்த்ததே கம்மி."

அவன் மூச்சு விட்டான். ஹெலன் சிரிக்கவில்லை.

"மெய்யாவா?"

"ஆமாம்மா. ஒரு குறையும் இல்ல."

"அப்போ எனக்கு வூட்ல கேக்கறது?"

அந்தப் பெண் காகிதத்தை மறுபடி பார்த்தாள். வேண்டுமானால் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள் என்றாள். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் ஹெலன் அவன் தோளைப் பிடித்து நின்றாள்.

"காதுல ஒண்ணும் இல்லன்னா தலைலதான் கீது," என்றாள் மெதுவாக. "ஒரே பாட்டு. கடைல ஒரு மாதிரி கேட்டுச்சு, வூட்ல வேற மாதிரி கேக்குது. எனக்கே நானா ஏதோ நெனச்சிக்கறனா? நரம்பு டாக்டருகிட்ட காட்டலாமா?"

அவன் அவளை வண்டியில் ஏற்றினான். திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகு, ஒரு பஸ் நிழற்குடையில் வண்டியை நிறுத்தினான். அவளை சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்தான். ஜல்லி லாரி ஒன்று கடந்து போகும்வரை காத்திருந்தான்.

"ஹெலனு. அது நீ எடுத்த ஜோடி இல்ல."

அவளுக்குப் புரியவில்லை.

"வூட்ல இருக்கறது மொதல் ஜோடி. நீ வேணாம்னு சொன்னது. நீ கேட்டது பாக்க அசிங்கமா இருந்துச்சு. வெறும் பலகை. ஹாலுக்கு நல்லா இருக்காதுன்னு நான் மாத்திட்டேன்."

அவள் புடவைத் தலைப்பை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"நான் கேட்டப்ப, புது சுவருன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

"சுஷ்மிதாகிட்ட நான் பேசினது உனக்குத் தெரியுமா?"

"கேட்டுகினு இருந்தேன்."

"இப்போ ஆஸ்பத்திரில? பட்டன வச்சிகினு நான் உள்ள ஒக்காந்திருந்தனே. அப்பவும் தெரியும் உனக்கு."

"தெரியும்."

"வெளிய நின்னு பாத்துகினு இருந்த."

"ஆமா."

அவள் அழுவாள் என்று நினைத்தான். திட்டுவாள் என்று நினைத்தான். இரண்டும் அவனுக்கு உதவியாக இருந்திருக்கும். அவள் எழுந்து, கையை நீட்டித் தூணைத் தொட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வண்டியத் திருப்பு, கடைக்கு வுடு," என்றாள்.

செங்கல்வராயன் அவளைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. இரண்டாவது ஜோடி இருக்கிறதா என்று கேட்டாள்.

"அது போன மாசமே ஒரு டான்ஸ் கிளாஸுக்குப் போயிடுச்சேம்மா. நீங்க மனசு மாத்திக்கினதா அண்ணாத்த சொன்னாரு."

"நான் சொன்னதாவா?"

அவர் பெஞ்சமினைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் ஹெலனுக்கு நன்றாகக் கேட்கும்படியே சொன்னார். "பாக்கறதுக்குத்தான் புடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணாத்த. பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சி, முன்னால துணி போட்டுக் குடுத்திருப்பேன். அர நாள் வேல. சத்தத்துல ஒரு மாத்தமும் வராது."

பெஞ்சமின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அரை நாள் வேலை. ரிசார்ட்டில் எத்தனை பழைய மேசைகளுக்கு அவனே அதைச் செய்ய வைத்திருக்கிறான்.

பத்து நாளில் புதிதாக ஒரு ஜோடி அடித்துத் தருவதாகச் சொன்னார். என்ன நிறம் என்று கேட்டார். பூச்சே வேண்டாம், பலகை பலகையாகவே இருக்கட்டும் என்று பெஞ்சமின் முந்திக்கொண்டு சொன்னான்.

"வெள்ளையே அடிங்க," என்றாள் ஹெலன். "தெனமும் பாக்கப் போறது அவருதானே. கண்ணு உறுத்திகினு இருந்தா அவரால ஒக்காந்து கேக்க முடியாது."

அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே அவனுக்காகத்தான் சொன்னாள். அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

பெட்டிகள் வந்தன. வெள்ளை அடித்து, சாம்பல் துணி போர்த்தி, கொஞ்சம் பருமனாக, ஆனால் ஹாலுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாதபடி. ஹெலன் பாட்டுப் போட்டாள். ஒவ்வொருத்தரும் தனித்தனியாக நின்றார்கள். அவள் முகம் விரிந்ததை அவன் பார்த்தான். சுஷ்மிதாவிடமும் பேசினாள். அந்தப் பதவி ரோஹித் என்ற பையனுக்குப் போய்விட்டது. அடுத்த தடவை பார்க்கலாம் என்று சுஷ்மிதா நல்லபடியாகத்தான் சொன்னாளாம். "வுடு," என்றாள் ஹெலன், அவன் கேட்டபோது. அதைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை.

சண்டை என்று ஒன்று வரவே இல்லை. வேறு ஒன்று வந்தது. ஒரு நாள் காலை அவன் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளறையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "மஞ்சள் நிறச் சேலை. பச்சை நிற ஓரம்." ஹெலனின் போன் பேசியது. எதற்கு நேராகப் பிடித்தாலும் அது என்னவென்று சொல்லும் செயலியாம், வேலையில் யாரோ சொல்லிக்கொடுத்தார்களாம். நேற்றுவரை அவனைக் கூப்பிட்டுக் கேட்டவள். அவன் வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். "பாத்து போ," என்றாள் எப்போதும்போல.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட்ட பிறகு, பெஞ்சமின் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணு சொல்லணும். ஹால்ல சோபாவுக்குப் பின்னால சுவத்துல ஓதம் ஏறுது. பெயிண்ட் உப்பி, உரிஞ்சி வருது. பாக்க கேவலமா கீது. பத்து நாளா சோபாவத் தள்ளிப் போட்டு மறச்சி வச்சிருந்தேன்."

ஹெலன் தலையைத் திருப்பினாள். "எவ்ளோ ஒசரம்?"

"ரெண்டடி இருக்கும்."

அவள் எழுந்து போய், சோபாவை முழங்காலால் தள்ளிவிட்டு, சுவரில் கையை வைத்தாள். கீழிருந்து மேலே மெல்ல ஏற்றினாள். ஈரம் முடிந்து காய்ந்த சுவர் ஆரம்பிக்கும் இடத்தில் கை நின்றது. அங்கேயே வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"மூணடி," என்றாள்.

அவள் கை நின்ற இடத்தை அவன் குனிந்து பார்த்தான். மூன்றடிதான்.